ஒரு சிலிண்டர் ஹெட்டும் அதற்குள் ஓடிய காற்றும்: ஹாரி ரிக்கார்டோ பற்றிய நிகழ்வு ஆய்வு

பெட்ரோல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பலரும் நான்கு ஸ்ட்ரோக்கையும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். உறிஞ்சும், அமுக்கும், எரிக்கும், வெளியே தள்ளும். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிறோம். பிளக் பொறி விட்டது, கலவை வெடித்தது, பிஸ்டன் கீழே போனது, அவ்வளவுதான் என்று. ஒழுங்காக ஓடுகிற இன்ஜினில் வெடிப்பு எதுவும் நடப்பதில்லை. பொறி விழுந்த இடத்தில் ஒரு சின்னத் தீ பிறக்கிறது, அது எரியாத கலவையைத் தின்றுகொண்டே அறையின் மறுகோடி வரை போய்ச் சேர வேண்டும், அதுவும் பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள். அந்தத் தீ எதனால் அவ்வளவு வேகமாக ஓடுகிறது, அதை ஓட வைக்க ஒருவர் சிலிண்டரை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டின் வடிவத்தை எப்படி மாற்றினார் என்பதுதான் இங்கே நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். அவர் ஹாரி ரிக்கார்டோ. மாற்றிய வடிவத்துக்கு அவர் காப்புரிமை எடுத்தது 1919இல்.

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பிரச்சினையின் அளவு புரியாது. அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையில், சாதாரண அறை நிலையில், தீ எரியாத வாயுவுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேகத்தில்தான் முன்னேறும். எரிந்த வாயு விரிந்து பின்னாலிருந்து தள்ளுவதால் கண்ணுக்குத் தெரியும் வேகம் இதைவிடச் சில மடங்கு கூடுதலாக இருக்கும், இன்ஜினுக்குள் சூடும் அழுத்தமும் வேறு என்பதால் எண்ணும் மாறும். எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து நொடிக்கு 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிளக் நட்ட நடுவில் இருக்கிறது என்றால் தீ சுவரைத் தொட 40 மில்லிமீட்டர் போக வேண்டும், அதற்கு 16 மில்லிநொடி ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு முழுச் சுற்றுக்கே 20 மில்லிநொடிதான். எரிதல் உபயோகமாக இருக்க வேண்டுமானால் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, 40 டிகிரி திரும்புவதற்குள் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும், அதாவது சுமார் 2.2 மில்லிநொடிக்குள். கேட்பது 2.2, ஆகப்போவது 16. இந்தக் கணக்குப்படி வேகமாக ஓடும் பெட்ரோல் இன்ஜின் என்ற ஒன்றே சாத்தியமில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட விசித்திரமானது. அதே இன்ஜினை 600 சுற்றில் ஓட்டினால் 40 டிகிரிக்கு 11 மில்லிநொடி கிடைக்கும், 6000 சுற்றில் 1.1 மில்லிநொடிதான் கிடைக்கும். தீயின் வேகம் மாறாத எண்ணாக இருந்தால் ஒரே இன்ஜின் இந்த இரண்டு வேகத்திலும் ஓட வாய்ப்பே கிடையாது. ஆனால் ஓடுகிறது, எரிதல் எடுத்துக்கொள்ளும் கிராங்க் கோணமும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் இன்ஜின் வேகம் கூடக்கூட ஏதோ ஒன்று தீயையும் சேர்த்தே விரட்டுகிறது என்றுதானே பொருள்?

அந்த ஏதோ ஒன்று வாயுவின் கொந்தளிப்பு. இதைச் சோதனையில் பிடித்துக் காட்டியவர்கள் இரண்டு பேர், இருவருமே 1912ஐ ஒட்டிச் செய்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரான டியூகால்ட் கிளார்க் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று, ஏனென்றால் அதில் புதிதாக எந்தக் கருவியும் இல்லை. ஓடுகிற இன்ஜினில் கலவையை உள்ளே இழுத்த பிறகு வால்வுகளைத் திறக்கவிடாமல் செய்தார். பொறியும் விடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட கலவை சில தடவை அமுங்கி விரிந்தது, அதற்கப்புறம்தான் பொறி. அதே கலவை, அதே சிலிண்டர், ஏறக்குறைய அதே அழுத்தம், ஆனால் எரிவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் வெகுவாக நீண்டுபோனது. என்ன மாறியது? இன்லெட் வால்வின் இடுக்கு வழியாகப் பாய்ந்து வந்தபோது வாயுவுக்குள் உண்டான குழப்பமான அசைவு அந்தச் சில சுற்றுகளில் அடங்கிவிட்டது. வேறெதுவும் மாறவில்லை. கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த பெர்ட்ரம் ஹாப்கின்சன் வேறு வழியில் போனார். மூடிய கலத்துக்குள் ஒரு விசிறியை வைத்து, அதை ஓட விட்டும் நிறுத்தியும் எரிவாயுக் கலவையைக் கொளுத்திப் பார்த்தார். விசிறி ஓடும்போது எரிதல் பல மடங்கு வேகமாக முடிந்தது.

பிஸ்டன் வேகமாக ஓடினால் இன்லெட் வழியாக வாயு வேகமாகப் பாயும், உள்ளே கொந்தளிப்பும் அதே அளவில் கூடும். திறந்த அமைப்புள்ள எரிதல் அறையில், பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் இந்தக் கொந்தளிப்பின் வீச்சு பிஸ்டனின் சராசரி வேகத்தில் அதிகபட்சம் பாதி இருக்கும் என்று பிற்காலத்து அளவீடுகள் காட்டின. 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 3000 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர், கொந்தளிப்பு 5 மீட்டர் வரை. அசையாத கலவையில் தீ போகும் வேகத்தோடு இதை ஒப்பிட்டால் யார் ஆட்டி வைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இயற்கை நமக்குச் செய்த உதவி என்றே இதைச் சொல்வேன், இது இல்லாவிட்டால் கார் இன்ஜின் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளைத் தாண்டியிருக்காது.

ரிக்கார்டோ இதற்குள் எப்படி வந்தார்

1885இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு குவார்ட் பெட்ரோலில், அதாவது ஏறத்தாழ 1.14 லிட்டரில், யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பல்கலைக்கழக மோட்டார் கிளப் ஒரு போட்டி வைத்தது. தானே செய்த மோட்டார் சைக்கிளில் 40 மைல் போய் ஜெயித்தார். அதைப் பார்த்துத்தான் ஹாப்கின்சன் அவரைத் தன் ஆய்வுக்குள் இழுத்துக்கொண்டார். எரிபொருளைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கத் தெரிந்த பையன் எரிதலைப் பற்றிப் படிக்க வந்தது பொருத்தமான சேர்க்கைதான்.

முதல் உலகப் போரின்போது அவருக்கு வந்த வேலை டாங்க் இன்ஜின். முதலில் வந்த பிரிட்டிஷ் டாங்குகளில் இருந்தது 105 குதிரைத்திறனுள்ள டெய்ம்லர் ஸ்லீவ் வால்வு இன்ஜின். அது கக்கிய புகை, டாங்க் எங்கே இருக்கிறது என்பதை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. புகையில்லாமல், கூடுதல் சக்தியோடு ஒன்று வேண்டும். அலுமினியமும் உயர்தர எஃகும் விமானங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததால் அவற்றைத் தொடக்கூடாது, கிடைக்கும் பெட்ரோலும் மட்டமானது. 150 குதிரைத்திறனில் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை அவர் வடிவமைத்தார், அது மார்க் 5 டாங்கில் 1918இல் களத்துக்கு வந்தது. அந்த இன்ஜினின் பொறியியல் தனியாகப் பேச வேண்டியது, இங்கே வேண்டாம். நமக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான்: மட்டமான பெட்ரோலை வைத்துக்கொண்டு சக்தியைக் கூட்டப் பார்த்தவர் நாக்கிங் என்ற சுவரில் முட்டித்தான் ஆக வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாப்கின்சன் விமான விபத்தில் இறந்துபோனார். போருக்குப் பிறகு ரிக்கார்டோ தென் இங்கிலாந்தில் கடலோர ஊரான ஷோரம்மில் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தார்.

நாக்கிங் என்றால் என்ன என்பதில் அப்போது பெரிய குழப்பம் இருந்தது. கலவை பொறிக்கு முன்பே எங்கோ சூடான ஓர் இடத்தைத் தொட்டுத் தானாகப் பற்றிக்கொள்வது ஒரு நோய். பொறி சரியான நேரத்தில் விழுந்து, தீ ஒழுங்காக நடந்து வந்துகொண்டிருக்கும்போதே, கடைசியில் மிச்சமிருக்கும் கலவை அமுக்கம் தாங்காமல் தீ வந்து சேரும் முன்பே மொத்தமாக ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது வேறு நோய். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற அந்தச் சத்தம் இரண்டாவதிலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்ததுதான் ரிக்கார்டோவின் வேலையில் எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று நினைக்கிறேன். கடைசிக் கலவைதான் குற்றவாளி என்று தெரிந்தவுடன் கேள்வியே மாறிவிடுகிறது: தீ அந்தக் கடைசி மூலைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும், அதற்குள் அந்த மூலை எவ்வளவு சூடாகும்? இது ஒரு பந்தயம். ஜெயிக்க இரண்டு வழி, தீயை வேகப்படுத்து, அல்லது கடைசி மூலையைக் குளிர வை.

இந்தப் பந்தயத்தை அளப்பதற்கு அவர் ஒரு கருவி செய்தார். ஈ35 என்ற ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின். ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை கிராங்கிலிருந்து மேலே தூக்கவும் கீழே இறக்கவும் முடியும், அதாவது வேறு எதையும் தொடாமல் கம்ப்ரெஷன் விகிதத்தை, கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற எண்ணை, மட்டும் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது ஆராய்ச்சியின் அரிச்சுவடி, ஆனால் இன்ஜினில் அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு கார்புரேட்டர் ஜெட்டையாவது மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றைத் தொட்டால் நான்கு மாறும். ஹென்றி டிசார்ட், டேவிட் பை ஆகியோரோடு சேர்ந்து ஷெல் குழுமத்துக்காக இந்த இன்ஜினில் ஒவ்வொரு எரிபொருளாக ஓட்டினார். நாக்கிங் ஆரம்பிக்கும் வரை கம்ப்ரெஷனை ஏற்று, எண்ணைக் குறி, அடுத்தது. நாக்கிங்கை நன்றாகத் தாங்கிய டொலுவீன் என்ற ஹைட்ரோகார்பனை அளவுகோலாக வைத்து மற்றவற்றை வரிசைப்படுத்தினார். பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆக்டேன் எண் 1920களின் பின்பாதியில்தான் வந்தது, அதற்கு முந்தைய கதை இது. அதுவரை பெட்ரோலின் தரத்தைப் பெரும்பாலும் அதன் அடர்த்தியை வைத்து முடிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சேர்த்து யோசித்தால் எவ்வளவு பெரிய தாவல் என்று புரியும். இன்னொன்றும் தெரியவந்தது. சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த பிறகு, பெட்ரோல் வகை ஹைட்ரோகார்பன்கள் எல்லாமே ஒரே கொள்ளளவுக் கலவையில் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் தருகின்றன. ஆக, எந்தப் பெட்ரோல் நல்லது என்ற கேள்விக்கு விடை, அது எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்பதில் இருக்கிறது.

சைட் வால்வு இன்ஜினின் நோய்

இனி ஹெட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் இருந்தது சைட் வால்வு இன்ஜின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள், தலை மேல்நோக்கி நிற்கும். ஹெட் என்பது மேலே மூடுகிற ஒரு வார்ப்பு மூடி மட்டும்தான், நகரும் பாகம் ஒன்றுகூட அதில் கிடையாது. செய்வதற்கு மலிவு, சத்தம் குறைவு, கழற்றிக் கரியைச் சுரண்டுவது சுலபம். வால்வு உடைந்தாலும் சிலிண்டருக்குள் விழாது. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் கம்ப்ரெஷன் 4 பக்கத்தில் வந்தாலே நாக்கிங் ஆரம்பித்துவிடும், மேலே வால்வு வைத்த இன்ஜின்களோடு போட்டி போட முடியவில்லை.

ஏன் என்று மேலிருந்து பார்த்தால் தெரியும். எரிதல் அறை பிஸ்டனையும் பக்கத்திலிருக்கும் வால்வுகளையும் சேர்த்து மூட வேண்டும், ஆகவே அது அகலமாக, தட்டையாக, ஒரு பலகை போலப் பரந்து கிடக்கும். பிளக் பல இன்ஜின்களில் வால்வுக்கு மேலே ஒரு ஓரத்தில். தீ அங்கிருந்து கிளம்பி வால்வுப் பகுதியைக் கடந்து, பிஸ்டனின் முழு அகலத்தையும் கடந்து மறுகோடிச் சுவர் வரை போக வேண்டும். மேலே வால்வு வைத்த இன்ஜினில் போகும் தூரத்தைவிட இது மிகவும் அதிகம். உறிஞ்சும்போது இன்லெட் வழியாக வந்த கொந்தளிப்பில் ஒரு பகுதி இந்த வளைந்த பாதையிலும் தட்டை அறையிலும் அடங்கிவிடுகிறது. தூரம் அதிகம், வேகம் குறைவு, அதனால் மறுகோடியிலிருக்கும் கடைசிக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

ரிக்கார்டோ செய்த மாற்றத்தைப் பார்த்தால் மூடியின் உட்புறத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி வார்த்திருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். அறையின் பெரும்பகுதியை வால்வுகளுக்கு மேலே ஒன்றுகூட்டினார். பிஸ்டனின் தூரப் பக்கத்துக்கு மேலே ஹெட்டைக் கீழே இறக்கினார், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தப் பகுதியில் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இடைவெளி மிஞ்சும். பிளக்கை ஒன்றுகூட்டிய அறையின் நடுவாக்கில், சூடான எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கிட்டே வரும்படி வைத்தார், அதனால் சூடான இடத்துக் கலவை முதலில் எரிந்துவிடும், கடைசியாக எரிவது குளிர்ந்த இடத்துக் கலவையாக இருக்கும்.

பிஸ்டன் மேலே வர வர அந்தக் குறுகும் இடுக்கில் இருக்கும் கலவைக்கு நிற்க இடமில்லை, பக்கவாட்டில் அறைக்குள் பீறிட்டுப் பாய்கிறது. இதைத்தான் இப்போது ஸ்க்விஷ் என்கிறோம். எவ்வளவு வேகம் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு: 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 3000 சுற்று, உச்சிக்கு 10 டிகிரி முன்னால் பிஸ்டன் நொடிக்கு ஏறத்தாழ 3.4 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்போது இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் என்றும், வாயு அந்த இடுக்கிலிருந்து வெளியேற 40 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறது என்றும் வைத்தால், இடுக்கின் வாயில் வேகம் நொடிக்கு 70 மீட்டர் பக்கத்தில் வருகிறது. நிஜத்தில் கசிவும் வெப்ப இழப்பும் உராய்வும் இதைக் குறைத்துவிடும், வாயுவின் அடர்த்தி கூடுவதும் கொஞ்சம் குறைக்கும். இருந்தாலும் பிஸ்டனின் சராசரி வேகத்தைவிடச் சில மடங்கு அதிகமான ஒரு பாய்ச்சல் அது, தீ பிறந்து வளரத் தொடங்கும் அந்தத் தருணத்தில், தேவையான இடத்தைப் பார்த்து வருகிறது. உறிஞ்சும்போது உண்டான கொந்தளிப்பு பழசாகி அடங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதுக் கொந்தளிப்பு சரியான கணத்தில் பிறக்கிறது. இந்த நேரப் பொருத்தம்தான் இந்த வடிவமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கொந்தளிப்பு தீயை எப்படி வேகப்படுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீ ஒரு மெல்லிய தாள் போன்ற பரப்பு. அசையாத வாயுவில் அது ஒழுங்கான கோளமாக வளரும். சுழல்கள் வந்து மோதும்போது அந்தப் பரப்பு கசங்குகிறது, மடிகிறது. பெட்டிக்குள் கசக்கித் திணித்த துணியின் பரப்பு பெட்டியின் அடிப்பரப்பைவிட எவ்வளவோ அதிகமாக இருப்பதைப் போல, அதே இடத்துக்குள் எரியும் பரப்பு பல மடங்கு ஆகிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் தீ அதே மெதுவான வேகத்தில்தான் கலவையைத் தின்கிறது, ஆனால் தின்னும் வாய்கள் கூடிவிட்டன. இதைக் கோட்பாடாக முதலில் எழுதிவைத்தவர் ஜெர்மானியரான கெர்ஹார்ட் டாம்கோலர், 1940இல். கொந்தளிப்பைப் புள்ளியியல் முறையில் ஆராயும் ஜி.ஐ. டெய்லரின் கோட்பாடு 1935இல் வந்தது, கோல்மகோரோவின் கட்டுரைகள் 1941இல். ரிக்கார்டோவின் ஹெட் இவை எல்லாவற்றுக்கும் முந்தையது. லேசர் கிடையாது, கணினி கிடையாது, உள்ளே காற்று எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல், அழுத்தம் எப்படி ஏறுகிறது, எங்கே நாக்கிங் ஆரம்பிக்கிறது, எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்ற அளவீடுகளிலிருந்து பின்னோக்கி யோசித்து அந்த ஓட்டத்தைப் பிடித்தார்.

பலன், சைட் வால்வு இன்ஜின் கூடுதல் கம்ப்ரெஷன் தாங்கி, சக்தியிலும் எரிபொருள் சிக்கனத்திலும் அந்தக் காலத்து மேல் வால்வு இன்ஜின்களுக்கு அருகில் வந்தது. டர்புலன்ட் ஹெட், அதாவது கொந்தளிப்பு ஹெட், என்ற பெயரில் இந்த மாதிரி ஹெட் உலகம் முழுக்கப் பரவியது, சைட் வால்வு இன்ஜினுக்கு இன்னும் முப்பது ஆண்டுகளாவது ஆயுள் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

கொந்தளிப்பா, குளிர்ச்சியா?

இங்கேதான் இந்த நிகழ்வு சுவாரசியமாகிறது. அந்த ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இரண்டு வேலை செய்கிறது. வாயுவைப் பீய்ச்சி அடிக்கிறது, அதோடு கடைசியில் அங்கே மாட்டிக்கொள்ளும் கொஞ்சம் கலவையை இரண்டு உலோகச் சுவர்களுக்கு நடுவே வைத்துக் குளிர வைக்கிறது. அத்தனை மெல்லிய அடுக்குக்குக் கொள்ளளவைவிடச் சுவர்ப் பரப்பு மிக அதிகம், சூடு சுவருக்குள் போய்விடுகிறது, தானாகப் பற்றும் வெப்பநிலையை அது எட்டுவதே இல்லை. நாக்கிங் குறைந்தது தீ வேகமாக வந்ததாலா, கடைசிக் கலவை குளிர்ந்ததாலா? ஹெட்டின் பெயரில் கொந்தளிப்பு இருக்கிறது என்பதால் எல்லாப் பெருமையும் அதற்கே போய்விட்டது, ஆனால் குளிர்ச்சியின் பங்கு பெரிது என்பது பின்னால் வந்த வேலைகளில் தெளிவானது. சைட் வால்வு வடிவத்தில் இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், இடைவெளியைக் குறைத்தால் பாய்ச்சலும் கூடும், குளிர்ச்சியும் கூடும். என் கணிப்பில் இரண்டும் தேவை, தூரம் அதிகமாக இருந்த பழைய ஹெட்டோடு ஒப்பிடும்போது அறையைச் சுருக்கியதற்கும் பிளக்கை நகர்த்தியதற்குமே ஒரு பெரிய பங்கு கொடுக்க வேண்டும்.

கொந்தளிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்பதும் இல்லை. அளவு மீறினால் அழுத்தம் திடீரென்று ஏறும், நாக்கிங் இல்லாமலேயே இன்ஜின் முரட்டுத்தனமாக அதிரும், கிராங்க்கும் பேரிங்கும் அதைத் தாங்க வேண்டும். வேகமாக ஓடும் வாயு சுவருக்கு அதிக வெப்பத்தை இழக்கும், அது நேரடியாகச் சக்தி இழப்பு. ரிக்கார்டோ இதை நன்றாக உணர்ந்திருந்தார், தேவையான அளவு என்ற ஒன்று இருக்கிறது என்பதில் அவர் கவனமாக இருந்தார். இந்த நிதானம் அவருடைய பெயரைச் சொல்லி ஹெட் செய்த எல்லோரிடமும் இருந்ததா என்பது வேறு விஷயம்.

டீசலுக்குப் போனபோது அதே மனிதர் காற்றோட்டத்தை வேறு காரணத்துக்காகப் பயன்படுத்தினார். டீசலில் தீ ஓடிப்போய்க் கலவையைத் தேடுவதில்லை, பீய்ச்சப்பட்ட எரிபொருள் காற்றைத் தேட வேண்டும். வேகமாக ஓடும் சின்ன இன்ஜினில் அதற்கு நேரம் போதாது. எனவே காற்றை எரிபொருளிடம் கொண்டுவந்துவிடலாம் என்று யோசித்தார். கோமெட் என்று பெயரிட்ட அமைப்பில், பிஸ்டன் மேலே வரும்போது காற்றில் ஏறத்தாழ பாதி ஒரு குறுகிய கழுத்து வழியாகக் கோள வடிவச் சிற்றறைக்குள் ஓரமாக நுழைந்து அதிவேகமாகச் சுழலும், அந்தச் சுழலுக்குள் டீசல் தெளிக்கப்படும். 1931 வாக்கில் லண்டன் பஸ்களில் ஏஇசி நிறுவனத்தின் இன்ஜின்கள் இதோடு ஓடத் தொடங்கின. பின்னால் வந்த தலைமுறைகளில் சின்ன டீசல் கார்களுக்கு இதுதான் பல காலம் வழி. விலை இல்லாமல் இல்லை, கழுத்து வழியாக வாயுவைத் தள்ளுவதும், சிற்றறைச் சுவரில் போகும் வெப்பமும் சேர்ந்து, நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜினைவிட எரிபொருள் செலவு சுமார் 10 முதல் 15 சதவீதம் கூடும். பீய்ச்சும் அழுத்தத்தை மிகவும் உயர்த்த முடிந்த பிறகு எரிபொருளே தன் வேகத்தால் காற்றைத் தேடிக்கொண்டது, கோமெட்டுக்குத் தேவை போய்விட்டது.

சைட் வால்வுக்கும் அதே கதிதான். கம்ப்ரெஷனை 7க்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் வால்வுப் பகுதிக்கும் சிலிண்டருக்கும் இடையில் வாயு போகும் வழியையே நெருக்க வேண்டியிருக்கும், அப்புறம் இன்ஜின் மூச்சு விட முடியாது. நல்ல பெட்ரோல் வந்ததும் ரிக்கார்டோ ஜெயித்த அதே பந்தயம் பொருத்தமில்லாமல் போனது. போதாக்குறைக்கு, குளிர்ந்த இடுக்கில் எரியாமல் மிஞ்சும் கலவை ஹைட்ரோகார்பன் புகையாக வெளியே வருகிறது, மாசுக் கட்டுப்பாடு வந்த காலத்தில் அது பெரிய குறை.

ஆனால் ஸ்க்விஷ் செத்துப்போகவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் மைக்கேல் மேயின் வடிவமைப்பை ஜாகுவார் தன் வி12 இன்ஜினில் 1981இல் கொண்டுவந்தபோது, இன்லெட் வால்வை ஆழமில்லாத பள்ளத்திலும் எக்ஸாஸ்ட் வால்வை ஆழமான சிற்றறையிலும் வைத்து, பிஸ்டன் ஏறும்போது கலவை முதலிலிருந்து இரண்டாவதற்குள் பீறிட்டுச் சுழலும்படி செய்திருந்தார்கள். கம்ப்ரெஷன் 12.5. எரிபொருள் குறைந்த கலவையிலும் ஓடியது. அந்தப் படத்தையும் 1919 ஹெட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குடும்ப ஜாடை தெரியும். இப்போதைய நான்கு வால்வு இன்ஜின்களில் வேறு உத்தி முன்னுக்கு வந்திருக்கிறது, காற்றைச் செங்குத்தாகப் புரள விடுவது, டம்பிள் என்பார்கள். பிஸ்டன் மேலே வர வர அந்தப் பெரிய புரளல் நசுங்கி உடைந்து, பொறி விழும் நேரத்தில் சின்னச் சின்னக் கொந்தளிப்பாக மாறுகிறது. டொயோட்டா தன் 2.5 லிட்டர் இன்ஜினுக்கு 40 சதவீத வெப்பத் திறன் என்று அறிவித்ததற்குப் பின்னாலிருக்கும் முக்கிய வேலை இன்லெட் பாதையைத் திருத்தி இந்தப் புரளலைக் கூட்டியதுதான். எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பி உள்ளே விட்டால் திறன் கூடும், ஆனால் தீ மெதுவாகும், மெதுவான தீயை விரட்டக் கொந்தளிப்பு வேண்டும். கிளார்க்கும் ஹாப்கின்சனும் கண்டுபிடித்ததைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியாக, இன்ஜினில் கை வைப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. நாக்கிங் வருகிறது, கம்ப்ரெஷனைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நினைத்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனாகப் போடும் பழக்கம் இருக்கிறது. கேஸ்கெட் அரை மில்லிமீட்டர் கூடினால் கம்ப்ரெஷன் இறங்குவது உண்மைதான், ஆனால் ஸ்க்விஷ் இடைவெளியும் அதே அரை மில்லிமீட்டர் கூடுகிறது. ஒரு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒன்றரை என்றால் பாய்ச்சல் தளர்ந்துவிடும், இடுக்கில் மாட்டும் கலவை தடித்துப்போய்க் குளிர்ச்சியும் போய்விடும். விகிதம் குறைந்தும் நாக்கிங் குறையாமல், சில சமயம் முன்பைவிட மோசமாகக்கூட வரலாம். கம்ப்ரெஷனைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் இடுக்கை விட்டுவிட்டு, அறைப் பக்கத்திலோ பிஸ்டனின் குழிவிலோ கொள்ளளவைக் கூட்டுங்கள்.